பின்சீட்டில் ஏறிய பாரம்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். என் மனைவி பாக்கியம் குறி சொல்கிற கோடாங்கியிடம் திருநீறு வாங்கி வந்தால்கூட என் நெற்றியில் பூச விடமாட்டேன். அதனால் நீங்கள் இதை நம்பாவிட்டால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

அறுபதுகளின் தொடக்கம். சூலக்கரைப் பக்கம் எங்களுக்குப் பருத்தியும் மிளகாயும் போடுகிற கரிசல் நிலம் இருந்தது. பாக்கியத்தின் பிறந்த வீடு சிவகாசியைத் தாண்டி. அவள் அப்பாவுக்குக் கை கால் விழுந்துவிட்டதால் அடிக்கடி போய்வர வேண்டியிருந்தது, பஸ்ஸை நம்பினால் போகிற நாள் ஒன்று, வருகிற நாள் ஒன்று. கார் ஓட்டப் பழகினேன், லைசென்சும் வந்தது. புது வண்டிக்குப் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம், அதற்கு வசதியும் கிடையாது. பழைய வண்டிதான், ஆனால் நடுவழியில் நிற்காத வண்டியாக வேண்டும். மிளகாய் லோடு அடிக்கிற ஒரு லாரி டிரைவர் எனக்குத் தெரிந்தவர். "பெயிண்டப் பாத்து மயங்கிராதீக. புதுசா ஓட்டுறவுகளுக்குச் சின்ன வண்டி, நல்ல பிரேக்கு, மதுரையில சாமான் கெடைக்கணும், அம்புட்டுதான்" என்றார்.

அப்படி ஒன்று அகப்பட்டது. சிவகாசி ரோட்டில் ஒரு சின்னப் பட்டாசுக் கம்பெனியின் கணக்கப்பிள்ளை விற்ற கறுப்புக் கார். முன்னால் கம்பியைப் போட்டு ஒரு சுற்றுச் சுற்றியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. பிரேக் நன்றாக இருந்தது, புகை இல்லை. விலைதான் கேட்டவுடன் சந்தேகப்படும்படி குறைவு. காரணம் கேட்டதற்கு, "கம்பெனிக்குப் பெரிய வண்டி வருது அண்ணாச்சி, இது எடத்த அடைக்குது" என்றார்.

அவரே வண்டியை எங்கள் ஊரில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். நான் பாக்கியத்தை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு மாமனார் வீட்டுக்குப் போனபோது வண்டி பூப்போல ஓடியது. திரும்பி வரும்போது, மத்தியானம், நல்ல வெயில், அந்தக் கம்பெனி முக்கு வந்ததும் வண்டியின் பின்பக்கம் இடது ஓரமாகக் கீழே அமுங்கியது. ஸ்டியரிங் இடது பக்கமே இழுத்தது. புது டிரைவர் அல்லவா, என் ஓட்டுதல்தான் சரியில்லை என்று நினைத்து அப்படியே இழுத்துப் பிடித்து ஓட்டினேன். ஆமத்தூர் தாண்டுவதற்குள் ஸ்பிரிங் பட்டை முனகுகிற சத்தம் கேட்டது, வண்டி தானாக நிமிர்ந்துகொண்டது.

மெக்கானிக் கழற்றிப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார். அடுத்த தடவையும் அதே முக்கு, அதே பாரம். பாக்கியம் மெதுவாக, "ஏங்க, பின்னாடி யாரு ஏறுனா?" என்றாள். நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். பின்சீட்டில் ஒரு துணிப்பைகூட இல்லை. ஆனால் இடது ஓரத்தில் சீட்டு, ஆள் உட்கார்ந்தால் எப்படிக் குழியுமோ அப்படிக் குழிந்திருந்தது. கையை வைத்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஆமத்தூரில் பாரம் இறங்கியது.

மறுநாளே கணக்கப்பிள்ளையிடம் போய் நின்றேன். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஷெட்டுல தீப்புடிச்சப்ப வேற வண்டி கெடைக்கல அண்ணாச்சி. வேலை பாத்த பொம்பளை ஒருத்திய இதுலதான் விருதுநகர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். உசுரு ஆமத்தூரு தாண்டல."

"மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா வாங்கியிருப்பீகளா?" என்றவர் கணக்கு நோட்டை மூடி வைத்துவிட்டு, "நானும் எத்தனையோ தடவ வெரசா ஓட்டிப் பாத்துட்டேன். கொண்டு சேக்க முடியல" என்றார்.

சண்டை போடப் போனவன் வண்டியைத் திருப்பிக் கொடுக்காமலே வந்தேன். வீட்டில் சொன்னதும் வண்டியை விற்றுத் தொலையுங்கள் என்பாள் பாக்கியம் என்று எதிர்பார்த்தேன். அவளோ, "அடுத்த தடவ நான் பின்னாடி உக்காந்துக்கிடுறேன். பக்கத்துல ஆள் இருந்தா தாங்குவாளோ என்னமோ" என்றாள். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை.

அன்றைக்கு முக்கில் பாரம் ஏறியதும் நான் ஓட்டிய ஓட்டம் அதற்கு முன்பும் ஓட்டியதில்லை, பின்பும் ஓட்டியதில்லை. ஆமத்தூர் வந்தது, போனது. பாரம் இறங்கவில்லை. கொண்டு சேர்த்துவிடுவோம் போலிருக்கிறதே என்று இன்னும் அழுத்தினேன். அப்புறம் விருதுநகருக்குச் சற்று முன்னால் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. ஹாரனை அடித்தேன், இறங்கிப் போய்க் கேட்காரரைக் கும்பிட்டேன். அவர் வண்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "யாருக்கு முடியல?" என்று கேட்டார். கூட்ஸ் வண்டி ஒவ்வொரு பெட்டியாக ஊர்ந்துகொண்டிருந்தது. திரும்பி வந்து கதவைத் தொடும்போதே ஸ்பிரிங் பட்டை முனகியது. என் கண் முன்னாலேயே வண்டி நிமிர்ந்தது. பாக்கியம் பக்கத்து வெறும் இடத்தைப் பார்த்தபடி அழுதுகொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து விளக்கு வைத்த பிறகுதான் நடந்ததைச் சொன்னாள்.

"கேட்டு சாத்தியிருந்தப்ப அவ பேசுனா. 'எம்புள்ளைய எடுத்துட்டாகளா'ன்னு கேட்டா. எனக்கு ஒண்ணும் ஓடல. எடுத்தாச்சு தாயி, நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன். உடனே எறங்கிட்டா."

மறுபடியும் கணக்கப்பிள்ளையிடம் போனேன். பிள்ளையா, அப்படி யாரும் இல்லையே என்றார். அவள் அந்த வாரம்தான் வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவளாம், தேடிக்கொண்டும் யாரும் வரவில்லையாம். நான் எழுந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஷெட்டுக்குப் பின்னால வேப்பமரத்துல ஒரு சேலைத் தொட்டில் கெடந்துச்சு அண்ணாச்சி. வெறுந்தொட்டில்தான். யாரோடதுன்னு அன்னைக்கு யாரும் கேக்கல."

அதற்குப் பிறகு அந்தக் கார் பல வருஷம் எங்களிடம் ஓடியது, ஒரு நாளும் நடுவழியில் நின்றதில்லை, பாரமும் ஏறவில்லை. பாக்கியம் சொன்னதை அப்படியே நம்பி அந்தப் பெண் இறங்கிப் போயிருக்கிறாள். அந்தத் தொட்டிலில் இருந்த பிள்ளையை யார் எடுத்தார்கள், எடுத்தார்களா என்பதுகூட எங்களுக்கு இன்றுவரை தெரியாது.