காக்காக் கடியும் சிவகிரிப் பிள்ளையின் தொண்டையும்

ஒரு தும்மல்கூடத் தும்மாத பிள்ளையை நோயாளி என்று அழைக்க நமக்கு உரிமை உண்டா? அறுபதுகளின் தொடக்கத்தில், குற்றாலத்தில் சாரல் பிடித்திருந்த ஓர் ஆனி மாதத்தில், தென்காசியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இந்தக் கேள்வி எழுந்தது. எழுப்பியவர் எனக்கு எதிரே இடுப்பில் கை வைத்து நின்றதால், விடை சொல்வதைத் தள்ளிப்போடவும் வழியில்லை.

என் மகளுக்கு அப்போது எட்டு வயது. முந்தைய ஆண்டு அவளுக்குத் தொண்டை வலி வந்தது, வந்ததுபோலவே போயிற்று. சில வாரங்கள் கழித்து முழங்கால் வீங்கியது. அது வடிந்ததும் கணுக்கால் வீங்கியது. டாக்டர் அதை ருமாட்டிக் காய்ச்சல் என்றார். தொண்டைக்கு வந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை எதிர்க்கக் கிளம்பும் உடம்பு, சில பிள்ளைகளிடம் தன்னையே தாக்கிக்கொள்கிறது என்றும், மூட்டுகள் தேறிவிடும், இதய வால்வுகள் தேறும் என்பதற்கு உறுதியில்லை என்றும் விளக்கினார். அந்த முறை இதயம் தப்பியிருந்தது. மாதந்தோறும் பென்சிலின் ஊசி போட வேண்டும்; இன்னொரு தொண்டைப் புண் வராமல் காக்க வேண்டும். இவை இரண்டும் அவர் இட்ட கட்டளைகள்.

இரண்டாவது கட்டளையைப் பற்றி நான் அதிகம் கவலைப்படவில்லை. நான் தாவரவியல் பட்டதாரி. கிருமிகளை நுண்ணோக்கியில் பார்த்தவள். மாதர் சங்கத்தில் சுகாதாரம் பற்றிப் பேச என்னைத்தான் அழைப்பார்கள். எங்கள் வீட்டிலோ எச்சில் விதிகள் மிகக் கடுமையானவை. டம்ளரை உதட்டில் வைத்து யாரேனும் குடித்துவிட்டால், அதைத் தேய்த்துக் கழுவி முடிக்கும்வரை குடித்தவர் கண்ணில் படாமல் இருப்பது நல்லது. மேலைநாட்டார் கிருமியைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே நம்மவர்கள் அதன் வழியை அடைத்துவிட்டார்கள் என்று சங்கத்தில் பேசிக் கைதட்டல் வாங்கியிருந்தேன்.

சீசன் தொடங்கினால் தென்காசியில் வீடு வைத்திருப்போரின் உறவினர் தொகை பெருகும். சிவகிரியிலிருந்து என் கணவருடைய அண்ணன் மனைவி, நான் அக்கா என்று அழைப்பவர், தம் மகனுடன் வந்து இறங்கினார். பையனுக்குப் பத்து வயது. பெரியவர்களே தலையைக் கொடுக்கத் தயங்கும் இடமாகப் பார்த்து அருவியில் நிற்பான். நீலம் பாரித்த உதட்டோடு வெளியே வந்து சேமியா ஐஸ் கேட்பான். ஈரத் தலையோடு தூங்குவான். எந்தக் காய்ச்சலும் அவனை அண்டியதில்லை. இதை அக்கா தம் வளர்ப்பின் சிறப்பாக எடுத்துரைக்கும்போது, அவருடைய பார்வை என் மகளின் மருந்துப் புட்டிகளைத் தொட்டு மீளும்.

அந்த மாதம் மதுரையிலிருந்து ஊசி மருந்து வரத் தாமதமாயிற்று. அந்த இடைவெளியில் என் மகளுக்குக் காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தன. டாக்டர் வந்து பார்த்தார். பென்சிலினை உடனே தொடங்கினார். இதயத்தில் குழலை வைத்து நெடுநேரம் கேட்டார். முன்பு இல்லாத ஒலி எதுவும் இப்போதும் இல்லை என்றார். பிறகு வீட்டில் வேறு யாருக்குத் தொண்டை வலி என்று விசாரித்தார். ஒருவருக்கும் இல்லை என்றோம். நோவே இல்லாமல் கிருமியைத் தொண்டையில் வைத்திருக்கும் பிள்ளைகள் உண்டு என்று சொல்லிவிட்டு, எங்கள் எல்லோருடைய தொண்டையிலும் குச்சியில் சுற்றிய பஞ்சால் ஒற்றியெடுத்தார். சிவகிரிப் பிள்ளை அருவியின் முன் திறப்பதுபோல வாயைத் திறந்து நின்றான். அக்கா பெருமிதத்தோடு பார்த்திருந்தார். பஞ்சுகள் பாளையங்கோட்டையில் இருந்த ஆய்வுக்கூடத்திற்குப் போயின.

முடிவு வந்தது. என் மகளைத் தவிர்த்தால், கிருமி அவன் தொண்டையில் மட்டுமே இருந்தது.

அவனுக்கும் பென்சிலின் ஊசி போட வேண்டும் என்றார் டாக்டர். செய்தியை அக்காவிடம் சொல்லும் பொறுப்பு என்னுடையதாயிற்று. சொல்லாவிட்டால் மகளின் இதயத்திற்கு ஆபத்து. சொன்னால் இரண்டு குடும்பங்களின் உறவுக்கு ஆபத்து. இதை நன்கு ஆராய்ந்து, முன்னுரையும் விளக்கமும் கொண்ட ஒரு சிற்றுரையை மனத்துக்குள் அமைத்துக்கொண்டேன். முன்னுரையிலேயே அக்கா எழுந்துவிட்டார்.

"எம் புள்ள ஒரு நாளு படுத்து நீ பாத்திருக்கியா? காச்ச ஒம் புள்ளைக்கு. ஊசி எம் புள்ளைக்கா? எந்த ஊரு நியாயம்ட்டி இது? ஓடியாடித் திரியுத புள்ளைய நோயாளிங்கியே, அப்படிச் சொல்ல ஒனக்கு என்ன உரிமை?"

பெட்டியைக் கட்டத் தொடங்கினார். அவன் கிருமியோடு சிவகிரிக்குப் போய், கிருமியோடு அடுத்த சீசனுக்கும் வந்தால் என்ன செய்வது என்பதே என் கவலை. வராமலே போனால் என்ன செய்வது என்பது என் கணவரின் கவலை.

சம்பந்தப்பட்டவன் மட்டும் மிகுந்த மகிழ்ச்சியில் இருந்தான். தன் தொண்டையில் உயிருள்ள பூச்சி குடியிருக்கும் செய்தியைத் தெரு முழுவதும் தெரிவித்துவிட்டான். மதியத்திற்குள் வாசலில் பிள்ளைகள் கூடினார்கள். அவன் வெயிலுக்கு நேராக அண்ணாந்து வாயைத் திறந்து காட்டினான். ஒன்றும் தெரியவில்லை என்று குறை சொன்னவனிடம், அங்கன உள்ள தள்ளி ஒளிஞ்சிருக்குலே என்றான். படுக்கையில் இருந்த என் மகள், தனக்குத்தான் உண்மையில் வலிக்கிறது, தன் தொண்டையைப் பார்க்க ஒருவரும் வரவில்லை என்று அழுதாள்.

மாலையில் டாக்டர் வந்தார். அக்கா தம் வழக்கை அவரிடம் வைத்தார். தம் மகனிடம் கிருமி இருப்பதாகவே வைத்துக்கொண்டாலும், எச்சில் படாத வீட்டில் அது எப்படித் தாண்டிப் போகும் என்று கேட்டார். அந்த ஒரு கருத்தில் நானும் அவருடைய கட்சிதான். டாக்டர் எங்களை விட்டுவிட்டு, பிள்ளைகள் இருவரும் என்னென்ன பங்கு போட்டுத் தின்பார்கள் என்று என் மகளிடம் கேட்டார்.

அவள் கமர்கட்டு என்றாள். எப்படிப் பங்கு போடுவீர்கள் என்றதும், அண்ணன் கடித்துத் தருவான் என்றாள். நாங்கள் இருவரும் திடுக்கிட்டோம். உடனே அவள், "காக்காக் கடிதான்மா" என்று தெளிவுபடுத்தினாள். எங்களுக்கு மூச்சு வந்தது.

பையன் செய்தே காட்டினான். கால்சட்டைப் பையிலிருந்து ஒரு கமர்கட்டை எடுத்தான். சட்டையின் ஓரத்தை அதன்மேல் போர்த்தினான். துணியோடு சேர்த்துப் பல்லால் ஓங்கிக் கடித்தான். கமர்கட்டு இரண்டாயிற்று.

"துணி வச்சுக் கடிச்சா எச்சில் இல்ல டாக்டர்" என்று அக்காவும் நானும் ஒரே குரலில் சொன்னோம். அன்று முழுவதும் எங்களுக்குள் நிகழ்ந்த ஒரே உடன்பாடு அதுதான்.

டாக்டர் உடனே மறுக்கவில்லை. அவரும் செங்கோட்டைப் பள்ளியில் படித்தவர். அவருடைய கண்ணில் ஏதோ பழைய சட்டை வந்து போனதாக எனக்குத் தோன்றியது. பிறகு பையனின் சட்டை ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ஈரமா இருக்கே."

"ஈரம் இருந்தா என்ன? நடுவுல துணி இருக்குல்லா" என்றார் அக்கா.

"நமக்கு அது தெரியும். பூச்சிக்குத் தெரியணும்லா."

அக்கா சட்டை ஓரத்தைப் பார்த்தார். நான் மாதர் சங்கத்தின் கைதட்டலை நினைத்துக்கொண்டேன்.

அதன்பின் டாக்டர் சொன்னவை நேர்மையானவை. இவனிடமிருந்துதான் வந்தது என்று தம்மால் அடித்துச் சொல்ல முடியாது, பள்ளியிலிருந்தும் வந்திருக்கலாம். சும்மா குடியிருக்கும் கிருமி அவனை ஒன்றும் செய்யாது. எளிதில் பரவவும் பரவாது. வேறு வீடாக இருந்தால் மருந்தே வேண்டாம் என்றிருப்பார். ஆனால் இந்த வீட்டில் இதயத்துக்குப் பயப்பட வேண்டிய ஒரு பிள்ளை இருக்கிறாள்.

அக்கா கட்டிலைப் பார்த்தார். என் மகள் அண்ணன் கொடுத்த அரைக் கமர்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, தின்னலாமா கூடாதா என்று எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பம் இது அவனுக்குப் போடுத ஊசி இல்ல. தங்கச்சிக்காவ அவன் போட்டுக்கிடுத ஊசி. அப்படிச் சொல்லுங்க, போட்டுக்கிடுவான்" என்றார் அக்கா.

டாக்டர் அப்படியே சொன்னார். என் சிற்றுரையின் எந்தப் பத்தியிலும் இல்லாத வாக்கியம் அது. கேள்விக்கு உரிய விடையும் அதுவே.

ஊசி என்ற சொல் காதில் விழுந்ததும் பையனின் புகழாசை தணிந்துவிட்டது. அவனைப் பரணிலிருந்து இறக்க என் கணவர் ஏணி வைக்க வேண்டியதாயிற்று. ஊசி போட்ட பிறகு, பூச்சி செத்துவிடுமா என்று தேம்பியபடி கேட்டான். ஆம் என்றதும் இன்னும் பெரிதாக அழுதான்.

சீசன் முடிவதற்குள் மறுபடி எடுத்த பஞ்சில் கிருமி இல்லை. என் மகள் பெரியவளாகும்வரை மாத ஊசி தொடர்ந்தது, இதயம் கெடவில்லை. மாதர் சங்கத்தில் அந்தப் பேச்சை நான் மறுபடி பேசவில்லை. அந்த ஆண்டு முதல் எங்கள் வீட்டில் பிள்ளைகளின் கமர்கட்டைப் பாக்குவெட்டியால் உடைத்துக் கொடுத்தோம்.