ரேயாலின் பின்னூட்டங்கள்

காப்-பெலே என்ற கடலோர மீன்பிடி ஊரில் யாரும் குடும்பப் பெயரைச் சொல்லிக் கொள்வதில்லை. பாதி ஊருக்கு ஒரே குடும்பப் பெயர்தான். அதனால் கிஸ்லேனை எல்லோரும் அப்பா பெயரைச் சேர்த்து "அலீரோட கிஸ்லேன்" என்றார்கள். அவள் தம்பி "அலீரோட ரேயால்". கூட்டுறவுக் கடையின் ரொக்க மேஜையில் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருக்கும் இந்தப் பெண் ஞாயிற்றுக்கிழமை தோறும் இணையத்தில் எழுதுகிறாள் என்பது ஊருக்குத் தெரியும். என்ன எழுதுகிறாள் என்பதில்தான் பேச்சு.

அவள் எழுதியது ஊர்ப் பேச்சில். பிரெஞ்சும் ஆங்கிலமும் ஒன்றாய்க் கொதித்த பேச்சு அது. வினைச்சொல் ஆங்கிலமாக இருக்கும், அதன் வால் பிரெஞ்சாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் அப்படிப் பேசினால் கன்னியாஸ்திரீகள் முட்டி போட வைத்தார்கள். மாங்க்டன் நகரத்தில் பேசினால் பிரெஞ்சுக்காரர்கள் சிரித்தார்கள், ஆங்கிலக்காரர்களுக்குப் புரியவில்லை. கணினியில் தட்டினாலோ ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் சிவப்புக் கோடு விழுந்தது. "கம்ப்யூட்டருக்கும் கன்னியாஸ்திரீ டிரெய்னிங் குடுத்திருக்காங்க" என்று தன் முதல் பதிவில் எழுதினாள்.

வலைப்பதிவைக் கட்டிக் கொடுத்தவன் ரேயால். மீன் ஆலை ஆட்குறைப்பு செய்தபோது, ஊர் ஆண்கள் பாதிப்பேரைப் போல அவனும் நாட்டின் மறுகோடியில் இருந்த அல்பர்ட்டாவின் எண்ணெய் வயலுக்குக் கிளம்பினான். கிளம்புவதற்கு முந்திய வாரம் பழைய கணினி ஒன்றைத் துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்து, அதையே வலைப்பதிவை இயக்கும் வழங்கியாக்கி, அவள் பெயரில் ஒரு முகவரியும் வாங்கி வைத்தான்.

"இது உன் வீடு. உன்னை யாரும் காலி பண்ணச் சொல்ல முடியாது. என்ன வேணா எழுது."

"யாருடா படிக்கப் போறா?"

"நான் படிப்பேன். அங்க தொழிலாளிங்க கேம்ப்ல, ஷிப்ட் முடிஞ்சா எனக்கு வேற என்ன வேலை?"

படித்தான். ஒவ்வொரு பதிவுக்கும் கீழே பின்னூட்டம் எழுதினான். நேரில் நாலு வார்த்தை பேசாதவன், அங்கே பக்கம் பக்கமாகப் பேசினான். அவள் கோழி ஃப்ரிக்கோ சூப்பைப் பற்றி எழுதினால், "நீ கடுகளவு உப்புகூட போடமாட்ட, அம்மா மானத்தை வாங்காத" என்பான். பிரெஞ்சைச் சுத்தமாக எழுத வேண்டும் என்று யாராவது வந்து உபதேசம் செய்தால், "ஐயா, சுத்தம் வேணும்னா சோப்பு வாங்கிக்குங்க, இது பேச்சு" என்பான். மகள் மிலேன் பிறந்ததும், மனைவி டார்லீனோடு சண்டை போட்டுச் சமாதானமானதும், பனிப்புயலில் ராத்திரி ஷிப்டில் அழுததும் அந்தப் பின்னூட்டங்களில்தான் இருந்தன. கீழே எப்போதும் ஒரே கையெழுத்து: அலீரோட ரேயால். அல்பர்ட்டாவில் அவனை அந்தப் பெயரால் கூப்பிட ஆள் இல்லை.

பத்து வருஷம் இப்படிப் போனது. பிறகு எல்லோரும் பெரிய சமூக வலைத்தளம் ஒன்றுக்குக் குடிபோனார்கள். கடையில் கூட வேலை பார்த்த ஓடீல்தான் விடாமல் நச்சரித்தாள்.

"இன்னமும் தனிக்குடித்தனமா? ஊரே அங்க இருக்கு. காத்தடிச்சா கரண்ட் போகுது, கரண்ட் போனா உன் பதிவும் போகுது. அங்க வந்தா ஆயிரம் பேர் படிப்பாங்க."

ரேயாலுக்குப் பிடிக்கவில்லை. "வாடகை வீட்டுல ஆணியடிக்காதன்னு சொல்றேன், கேக்கமாட்டேங்கிற" என்று எழுதினான். ஆனாலும் பதிவுகளையும் பின்னூட்டங்களையும் மொத்தமாக மாற்றிக் கொடுத்தவன் அவனேதான். பழைய கணினி கொஞ்ச நாளில் இறந்துபோய், குப்பை வண்டியில் ஏறியது.

ஓடீல் சொன்னது பொய்யில்லை. ஆயிரத்துக்கும் மேலேயே வந்தார்கள். பாரிஸிலிருந்துகூட ஒருத்தி எழுதினாள். கிஸ்லேனுக்குக் கொஞ்சம் தலை கனத்தது. ரேயாலின் பின்னூட்டங்கள் அந்தக் கூட்டத்துக்கு நடுவில் தெரியாமல் போயின. ஆனாலும் வந்துகொண்டிருந்தன.

ஒரு மார்ச் மாதம் வருவது நின்றது. கேம்ப்பில் காலைச் சாப்பாட்டு வரிசையில் நின்றவன் அப்படியே சரிந்தானாம். ஐம்பத்தோரு வயது. உடலை ஊருக்குக் கொண்டுவந்து அப்பாவுக்குப் பக்கத்தில் புதைத்தார்கள்.

மிலேன் அல்பர்ட்டாவில் ஆங்கிலத்தில் வளர்ந்தவள். அடக்கம் முடிந்து திரும்பிய பிறகு அத்தையைத் தொலைபேசியில் அழைக்க ஆரம்பித்தாள்.

"அத்தை, அப்பா எழுதினதைக் கடைசியிலேருந்து பின்னோக்கி ஒவ்வொண்ணா படிக்கிறேன். பாதி புரியல. இது என்ன வார்த்தை, சொல்லுங்களேன்."

கிஸ்லேன் சொல்வாள். வார்த்தையைச் சொல்லப் போய், அதற்குள் இருந்த கதையையும் சொல்வாள். இருவரும் சிரிப்பார்கள். ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ள இருவருக்குமே தோன்றவில்லை. எங்கே போகப் போகிறது?

அடுத்த இலையுதிர்காலத்தில் ஒருநாள் கடை முடிந்து வந்து கணக்கைத் திறக்கப் பார்த்தாள். திறக்கவில்லை. 'பொருளற்ற எழுத்தைத் தொடர்ந்து வெளியிட்டதால்' கணக்கு மூடப்பட்டது என்று வந்தது. முறையிட ஒரு பக்கம் இருந்தது. எழுதிய மொழியைத் தேர்ந்தெடு என்றது. பிரெஞ்சு இருந்தது, ஆங்கிலம் இருந்தது. அவள் பிரெஞ்சைத் தொட்டாள். உங்கள் எழுத்து பிரெஞ்சு இல்லை என்று பதில் வந்தது. ஆங்கிலத்தைத் தொட்டாள். அதுவும் இல்லை. கடைசியில் கன்னியாஸ்திரீகள் கற்றுக்கொடுத்த சுத்தமான பிரெஞ்சில், தலைகுனிந்து, ஒரு வேண்டுதலைத் தட்டினாள்: என் எழுத்து போனால் போகட்டும், இறந்த என் தம்பியின் எழுத்தை மட்டுமாவது திருப்பித் தாருங்கள். சிவப்புக் கோடு ஒன்றுகூட விழவில்லை. முடிவு இறுதியானது, உள்ளடக்கம் நீக்கப்பட்டுவிட்டது என்று பதில் வந்தது. அதைப் படித்த மனிதர் யாராவது இருந்தாரா என்பது கடைசிவரை தெரியவில்லை.

ஓடீல் ரொக்க மேஜையிலேயே அழுதுவிட்டாள். "நான்தானேடி உன்னை இழுத்துட்டுப் போனேன்."

"நீ இழுத்த. எனக்குக் காலு இல்லியா? நான்தான் நடந்து போனேன்" என்றாள் கிஸ்லேன். வாடிக்கையாளரின் உருளைக்கிழங்குப் பையை இரண்டு தடவை எடை போட்டாள்.

குளிர்காலத்தில் தன் பெயரிலேயே மறுபடி ஒரு முகவரி வாங்கினாள். வாரக்கணக்கில் தட்டுத் தடுமாறி, தளத்தைத் தானே கட்டினாள். தன் பழைய பதிவுகளை நினைவிலிருந்து எழுதிவிடலாம், அவை அவளுடைய சொற்கள். தம்பியினுடையதையும் எழுதிப் பார்த்தாள். சோப்பு வந்தது, உப்பு வந்தது. மூன்றாவதில் அவன் பேச்சில் வராத ஒரு சொல்வளைவு வந்து உட்கார்ந்தது. அது அவளுடையது. அழித்துவிட்டாள்.

"போட்டுடுடி, யாருக்குத் தெரியும்?" என்றாள் ஓடீல்.

"எனக்குத் தெரியுமே."

ஈஸ்டருக்கு முந்திய வாரம் மிலேன் அழைத்தாள்.

"அத்தை, நான் பொறந்தப்போ அப்பா எழுதினாரே, அதுவரைக்கும் நான் படிச்சு வரல. என்ன எழுதியிருந்தார்?"

"ரொம்ப சந்தோஷமா எழுதியிருந்தான்மா."

"இல்ல அத்தை. என்ன வார்த்தை?"

கிஸ்லேன் கண்ணை மூடிக்கொண்டாள். அந்தப் பக்கத்தின் நிறம் தெரிந்தது. நீளமான பின்னூட்டம் என்பதும், அதைப் படித்துவிட்டு அடுப்பில் இருந்ததைத் தீய விட்டதும் நினைவுக்கு வந்தன. ஒரு சொல்கூட வரவில்லை.

"ஞாபகம் இல்லடா கண்ணு" என்றாள்.

மிலேன் சரி என்றாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் அழைப்பது குறைந்தது. கோபம் ஒன்றுமில்லை, கேட்பதற்கு வார்த்தைகள் தீர்ந்துவிட்டன.

கிஸ்லேன் இன்னும் ஞாயிற்றுக்கிழமைகளில் எழுதுகிறாள். முப்பது நாற்பது பேர் படிக்கிறார்கள். வெளியிட்டதும் எழுந்து போய்க் கெண்டியை அடுப்பில் வைப்பாள். தண்ணீர் கொதிப்பதற்குள் திரும்பி வந்து, பின்னூட்டம் ஏதும் வந்திருக்கிறதா என்று பார்ப்பாள்.