ஞாயிற்றுக்கிழமைப் பிஞ்சுகள்

சனிக்கிழமை சாயங்காலம் சிவகாசி அச்சகத்தில் ஒரு பூச்சட்டிப் பட்டாசு லேபிளுக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு முத்துமாரி போனில் அழுதாள். "அக்கா, எங்க மதினி போயிட்டாக."

"எந்தக் கம்பெனி? எத்தன பேரு?" என்றேன். பட்டாசு வேலைக்குப் போகிற ஒருவர் இறந்தார் என்றால் எங்கள் பக்கத்தில் வாய் தானாக இதைத்தான் கேட்கும்.

"கம்பெனி இல்லக்கா. வீட்லதான். கொடிக்குத் தண்ணி ஊத்திட்டு உக்காந்தாக. எந்திரிக்கவே இல்ல."

எனக்கு மண்டையில் ஏறவில்லை. மறுபடியும் எந்தக் கம்பெனி என்றே கேட்டேன்.

முத்துமாரியின் நாத்தனார் சுப்புத்தாய் மதினி இருபது வருடமாக ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு கம்பெனியில் பட்டாசுக்கு மருந்து செலுத்தும் அறையில் வேலை பார்த்தவர். காலையில் ஏற்றிப்போன வேன் வெம்பக்கோட்டைக்குத் திரும்பி வந்துவிட்டால் அன்றைக்கு ஆள் பிழைத்தது என்று நாங்கள் மூச்சு விடுவோம். அன்றும் வேன் வந்தது. அவரும் இறங்கி நடந்து வீட்டுக்கு வந்திருக்கிறார். அதன் பிறகு மாரடைப்பு என்றால் எப்படி நம்புவது? துக்கத்துக்கு வந்தவர்களும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "எந்தக் கம்பெனி?" என்றுதான் கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம் வந்தது. நானும் அதையே கேட்டவள்தான்.

எங்களுக்குள் சொந்தம் கிடையாது. நடுவில் ஒரு சுவர்தான். அவருக்கு நான் மதினி, எனக்கு அவர் மதினி. இந்த வருடம் பொங்கல் கழிந்த கையோடு அவர் வீட்டுக் கொல்லையில் தர்பூசணி போடலாம் என்று கிளம்பினோம். "தையில போட்டாத்தான் மதினி சித்திரையில திங்கலாம். பிந்திட்டா வெயிலு கொடியத் தின்னுரும்" என்றார். கரிசலில் தண்ணீர் தேங்கி வேர் அழுகும் என்று, மண்ணை மேடாகக் கூட்டி, மணலும் மக்கிய சாணி எருவும் கலந்தார். குழிக்கு நாலு விதை. முளைத்ததும் செழிப்பான இரண்டை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிப் போட்டார். எனக்குப் பாவமாக இருந்தது. "நாலையும் வச்சா நாலும் நோஞ்சான். இங்கன பாசம் காட்டக் கூடாது" என்று சிரித்தார்.

பங்குனி வெயில் ஏறும்போது பூ வந்தது. பிஞ்சு இருக்கிற பூ பெண், வெறும் காம்பில் நிற்பது ஆண். எங்கள் கொல்லைக்குத் தேனீ சரியாக வருவதில்லை. ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்து, பெண் பூவின் நடுவில் மெல்லத் தொட்டுவிட வேண்டும். பூ விரிந்த அன்று காலையிலேயே செய்யாவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்துவிடும். அவருக்கு வேன் விடிவதற்குள் வந்துவிடும். எனக்கு ஒன்பது மணி பஸ். ஆகவே ஞாயிறு அவர், மற்ற ஆறு நாளும் நான் என்று பேசிக்கொண்டோம். அச்சகத்தில் வெட்டிப் போடுகிற கலர் காகிதத்தில் கிழமை எழுதித் தொட்ட பூவின் காம்பில் கட்ட வேண்டும். எது எப்போது பழுக்கும் என்று அதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம்.

நான் தூங்கிவிட்டேன். ஒரு நாள் அல்ல, இரண்டு வாரம். எழுந்து பார்க்கையில் பூ சுருங்கியிருக்கும். சாயங்காலம் அவர் சுவர் வழியே, "தொட்டு விட்டீகளா மதினி?" என்று கேட்பார். "ஆச்சு" என்பேன். தொடாத பூவுக்கெல்லாம் திங்கள், செவ்வாய் என்று அழகாக எழுதிக் கட்டி வைத்தேன். நாலு பூதானே என்ற அலட்சியம்.

என் பிஞ்சுகள் ஒன்றுவிடாமல் உதிர்ந்தன. ஞாயிற்றுக்கிழமைப் பிஞ்சுகள் மட்டும் நின்றன. மதினி உதிர்ந்தவற்றின் சீட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கையில் அடுக்கினார். பிறகு தன் உள்ளங்கையைப் பார்த்தார். "ஞாயித்துக்கெழம என் கையில மருந்து இல்ல மதினி. மத்த நாளு வேல முடிஞ்சு வந்து அன்னைக்குத் தொட்ட பிஞ்சத் தடவிப் பாக்குறேன். எம்புட்டு கழுவுனாலும் ரேகைக்குள்ள அந்தப் பொடி மினுங்குதுல்ல? அதான் கருக்குது."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வெட்கப்பட்டு விட்டுவிட்டேன். அன்றிலிருந்து வார நாளில் அவர் கொடியைத் தொடவில்லை. தள்ளி நின்று குழாயைப் பிடித்துத் தண்ணீர் விட்டார். நான் பயந்துபோய், மறுநாள் முதல் அலாரம் வைத்து எழுந்து ஒழுங்காகப் பூவைத் தொட்டேன். பிஞ்சுகள் நின்றன. செய்த தப்பைச் சரிசெய்துவிட்டேன் என்று நினைத்தேன். அவரோ, "பாத்தீகளா? நான் கைய எடுத்ததும் நிக்குது" என்றார். என் பொய்க்கு என் வேலையே சாட்சி சொன்னது.

அடுத்த வாரம் முத்துமாரி சுவர் ஓரம் வந்து குறைப்பட்டாள். "மதினிக்கு என்னக்கா ஆச்சு? வேல விட்டு வந்தா குளிச்சிட்டுப் பிள்ளையத் தூக்கிட்டுத்தான் காப்பியே குடிப்பாக. இப்பத் தொடவே மாட்டேங்காக." அவள் மகனுக்கு, அதாவது மதினியின் தம்பி மகனுக்கு, எட்டு மாதம். நான் ஓடிப்போய்க் கேட்டேன். மதினி மெதுவாகச் சொன்னார்: "காயே தாங்கல மதினி. பச்சப்பிள்ள தாங்குமா? ஞாயித்துக்கெழம தூக்கிக்கிருதேன்."

ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அவருக்கு ஓய்வு நாள், உட்காரவைத்து, காலைப் பிடித்தாவது சொல்லிவிடலாம் என்று. அதற்கு முந்தைய நாள்தான் அந்தப் போன் வந்தது. அன்று மதினி கடைசியாக வீட்டுக்குள் நுழைந்தபோது பிள்ளை கையை நீட்டியிருக்கிறான். "நாளைக்குய்யா, நாளைக்கு அத்த தூக்குறேன்" என்று சொல்லிவிட்டுக் கொல்லைக்குப் போனாராம்.

பதினாறாம் நாள் காரியத்தன்று ஒரு பழம் பழுத்திருந்தது. காம்புப் பக்கத்துக் கொடிச்சுருள் காய்ந்து, தரையில் படுத்த அடிப்பாகம் மஞ்சளாகியிருந்தது. முத்துமாரி கத்தியை என்னிடம் நீட்டி, "உங்க கை ராசியான கைன்னு மதினி சொல்லிட்டே இருப்பாக. நீங்களே அறுங்கக்கா" என்றாள். அறுத்தேன். உள்ளே நல்ல சிவப்பு. அத்தனை பேர் முன்னால் எனக்கு வாய் திறக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவர் அலமாரியில் பவுடர் டப்பா ஒன்றில் அந்தச் சீட்டுகள் இருந்தன. முத்துமாரியிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். திங்கள், செவ்வாய், புதன், எல்லாம் என் கையெழுத்து. அடுத்தவர் பிழையைத் திருத்திச் சம்பளம் வாங்குகிற நான் அவரிடமிருந்து வைத்துக்கொண்டிருப்பது இது ஒன்றுதான்.

அவரோடு வேனில் போய்வந்தவர்களே, மருந்துக் கை பட்டால் பிஞ்சு கருகும் என்ற கதையை அவர் உங்களிடமும் சொல்லியிருக்கிறார் என்றும், அதைக் கேட்டு உங்களில் சிலரும் பிள்ளைகளைத் தூக்கத் தயங்குகிறீர்கள் என்றும் கேள்விப்பட்டேன். நல்லா சோப்புப் போட்டுக் கழுவுங்கள், குளியுங்கள், பிள்ளையை இன்றைக்கே தூக்குங்கள். அந்தப் பிஞ்சுகளை உதிர்த்தது நான். மதினி கையில் ஒன்றுமே இல்லை.