நான் எண்ணிய ஆறு வேட்டுகள்

பண்ணைக்காட்டுக்கு மேலே மலைச்சாலையை அகலப்படுத்திய வேலையில் நான் ஓவர்சியர். அறுபதுகளின் தொடக்கம், எனக்கு இருபத்தாறு வயது. பாறைக்கு வேட்டு வைக்கும்போது சாலையை மறிப்பதும் வெடிச் சத்தங்களை எண்ணுவதும் என் பொறுப்பு. மருந்து வைத்த குழிகளைவிட ஒரு சத்தம் குறைந்தாலும் அரைமணி நேரம் யாரும் அந்தப் பக்கம் போகக்கூடாது. விதி அவ்வளவுதான். யாருக்கும் புரிகிற விதி.

அன்று ஏழு குழிகள். பனிமூட்டத்தில் பாறையே தெரியவில்லை. நான் எண்ணியது ஆறு. நாலாவது சத்தம் மட்டும் சற்று நீண்டது போலிருந்தது. இரண்டு சேர்ந்து வெடித்திருக்கும் என்று நினைத்தேன். அப்படி நினைக்க விரும்பினேன் என்பதே சரி. பெருமாள்மலையிலிருந்து இறங்கிய பஸ் காத்து நின்றது. டிரைவர் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

வேட்டு வைப்பவர் என்னிடம் வந்தார். என்னைவிட இருபது வயது மூத்தவர்.

"எத்தனைங்க சார்?"

"ஏழுண்ணே. வெரசா கல்லை ஒதுக்குங்க, பஸ் நிக்குது."

ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனார். கடப்பாரை வெடிக்காத குழியில் இறங்கியது.

உயிர் பிழைத்துவிட்டார். கண்கள் இரண்டும் போயின. விசாரணையில், ஏழு சத்தம் கேட்டதாகவே எழுதிக் கொடுத்தேன். ஏழும் வெடித்தும் மருந்து மிஞ்சியதென்றால் அவர் குழியைச் சரியாக நிரப்பவில்லை என்று முடிவுகட்டினார்கள். நான் வாய் திறக்கவில்லை.

நாலைந்து மாதம் கழித்து, மேல்மலையில் அவர் ஊருக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து பூண்டைத் தடவித் தடவிப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அன்னைக்கு நான் எண்ணுனது ஆறுதான்."

அவர் கை நிற்கவில்லை. "எனக்கும் ஆறுதாங்க கேட்டுச்சு. படிச்சவங்க ஏழுங்கிறீங்களே, நம்ம காதுதான் மந்தமாயிருச்சு போலன்னு போயிட்டேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவர் மனைவி உள்ளேயிருந்து வந்தார். "இங்கன வந்து சொல்லி என்ன சோலிங்க? எழுதிக் குடுத்த எடத்துல போயிச் சொல்லுங்க."

சொன்னேன். அவர் மேலிருந்த பழி நீங்கியது. என்னை வேட்டு வேலையிலிருந்து விலக்கினார்கள். அவர்மேல் குற்றமில்லை என்ற உத்தரவை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அம்மா வாங்கிக்கொண்டார். உட்காரச் சொல்லவில்லை.