கொழுந்தன் பெயரில் ஒரு வீடு

தில்லியில் பிரிவதற்கும் முதலில் சாய் குடிக்க வேண்டும். குடும்ப நீதிமன்றத்தின் சமரச அறையில் நானும் என் கணவரும் ஒரே சோபாவில் உட்கார்ந்திருந்தோம். எதிரே தட்டில் உப்பு பிஸ்கட். பெண் பார்க்க வந்தவர்களை உபசரிப்பதுபோல, சமரசம் பேசும் அம்மையார் இரண்டு கோப்பைகளை எங்கள் பக்கம் நகர்த்தினார். "பஹலே சாய், ஃபிர் ஹிசாப்" என்றார். முதலில் தேநீர், பிறகு கணக்கு. இருபத்திரண்டு வருட வாழ்க்கையோடு கணக்கு என்ற சொல்லை அதற்குமுன் நான் சேர்த்துப் பார்த்ததில்லை. கோப்பையை எடுத்தபோது சாய் புடவையில் சிந்தியது. கணவர் வழக்கம்போலத் தன் கைக்குட்டையை நீட்டினார். நானும் வாங்கித் துடைத்துக்கொண்டேன்.

போன குளிர்காலத்தில், ஹீட்டர் முன்னால் உட்கார்ந்து காலுக்குச் சூடு காட்டிக்கொண்டே அவர் சொன்னார்: "புனேக்கு மாற்றல் வாங்கியிருக்கேன். நான் மட்டும் போறேன். பிரிஞ்சுடலாம்." காரணம் கேட்டேன். "காரணமெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றார். இன்றுவரை எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சரோஜினி நகரில் நாங்கள் இருந்தது அவர் வேலைக்குக் கிடைத்த அரசுக் குடியிருப்பு. பள்ளி ஆண்டு முடியும்வரைதான் அதில் இருக்கலாம். மகள் வைஷ்ணவி அப்போது பதினொன்றாம் வகுப்பு. ஆனாலும் தங்குமிடத்தை நினைத்து நான் பயப்படவில்லை. திருச்சியில் எங்களுக்கு வீடு இருந்தது.

ஊரில் இருப்பவர்களுக்கு இது விசித்திரமாகப் படலாம். தில்லியில் வேலைபார்க்கும் எங்களில் பலர், ஊரில் இடம் வாங்கும்போது அங்கிருக்கும் தம்பி பெயரில் பதிந்துவிடுவோம். பத்திர அலுவலகத்துக்கு அலைய லீவு கிடைக்காது. மத்திய அரசு ஊழியர் சொத்து வாங்கினால் அலுவலகத்துக்கு எழுதித் தெரிவிக்கவும் வேண்டும். தம்பி பெயர் என்றால் ஒரு போனில் காரியம் முடியும். தனியார் பள்ளியில் நான் பாடம் நடத்தி வாங்கிய சம்பளத்தில் குடும்பம் நடந்தது, அவர் சம்பளம் திருச்சிக்குப் போனது. கிரகப்பிரவேசத்தில் மணையில் உட்கார்ந்தது நாங்கள்தான். கீழே கொழுந்தன் குடும்பம், மாடி எங்களுக்கு. கோடை விடுமுறைக்குப் போனால் மாடியின் சின்ன அறையை வைஷ்ணவிக்குக் காட்டி, "இது உன் ரூம்டா கண்ணு" என்பார் கொழுந்தன். பத்திரத்தில் யார் பெயர் என்று எல்லோருக்கும் தெரியும். அதை ஒரு விஷயமாக யாரும் நினைத்ததில்லை.

"பிராப்பர்ட்டி?" என்று கேட்டார் அம்மையார்.

"குச் நஹீ" என்றார் கணவர். ஒன்றுமில்லையாம்.

நான் திரும்பினேன். "திருச்சி வீடு?"

"அது தம்பியோடது." தமிழில், தணிந்த குரலில். "பத்திரத்தப் பாரேன்."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னை உலுக்கியது. அம்மையாருக்கு எங்கள் தமிழ் புரியவில்லை. திருச்சியில் வீடு இருக்கிறது என்று நான் ஹிந்தியில் சொன்னேன். மதராஸில்தான் வீடு இருக்கிறதே, மகளை அழைத்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கே போய்விடலாமே என்றார் அன்பாக. திருச்சியும் மதராஸும் அவருக்கு ஒன்று, பிறந்த வீடும் புகுந்த வீடும்கூட ஒன்றாகிவிட்டன. என் பெற்றோர் இப்போது இல்லை. வைஷ்ணவி தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். "அங்கே எனக்கு வீடு இல்லை மேடம்" என்றேன் ஹிந்தியில். "இப்போதுதானே இருக்கிறது என்றீர்கள்?" என்று அவர் குழம்பினார்.

வராந்தாவிலிருந்து கொழுந்தனுக்குப் போன் செய்தேன். "அண்ணி, பேப்பர்லதான் என் பேரு. எப்ப வேணா வாங்க, எத்தன நாள் வேணா தங்குங்க" என்றார்.

"எங்க பங்க எழுதிக் குடுப்பீங்களா?"

மறுமுனையில் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது. "அத அண்ணன் சொல்லணும் அண்ணி."

வீட்டுக்கு வந்து சொன்னபோது வைஷ்ணவி புத்தகத்தை மூடவில்லை. "மத்லப்... அதாவது, அங்க நாம கெஸ்ட்டா?" என்று மட்டும் கேட்டாள்.

வீட்டுக்காக வழக்குப் போட்டால் வருஷக்கணக்கில் இழுக்கும் என்றார் வக்கீல். அடுத்த அமர்வில் அதை விட்டுவிட்டேன். மகளின் படிப்புச் செலவோடு, அவள் பட்டம் வாங்கும்வரை தில்லியில் ஒரு வீட்டு வாடகையும் வேண்டும் என்று கேட்டேன். "ரெண்டு ரூம் போதுமா?" என்றார் கணவர், மூவரும் குடிபோகப் போவதுபோல. கையெழுத்து ஆனது.

மே மாதம், மாடியிலிருந்த எங்கள் சாமான்களை எடுத்துவர நானும் வைஷ்ணவியும் இரண்டு நாளைக்குத் திருச்சி போனோம். ஸ்டேஷனுக்கு வருவதாகச் சொன்ன கொழுந்தனை வேண்டாம் என்றுவிட்டு, ஜங்ஷன் அருகே ஒரு லாட்ஜில் அறை கேட்டோம். வைஷ்ணவி என்னிடம் ஹிந்தியில் ஏதோ முணுமுணுத்தது மேனேஜர் காதில் விழுந்தது. எங்களுக்குப் புரிய வேண்டுமே என்று யோசித்து யோசித்து, "கித்னா தின், மேடம்?" என்று எத்தனை நாள் தங்குவோம் எனக் கேட்டார். நான் இதே திருச்சியின் உறையூரில் பிறந்து வளர்ந்தவள். அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"தோ தின்" என்றேன்.