டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பொட்டு வைத்தவள்

ஓர் ஆயுத பூஜையன்று எங்கள் பிக்கப் லாரியைக் கிளம்பவிடாமல் செய்தது நான்தான். இதை இன்றுவரை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

காலையில் குவீன்ஸ்டவுனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கார் பார்க்கில் அப்பா எஞ்சினைக் கழுவி, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிக் காய வைத்திருந்தார். நான்கு பிளக்குகளுக்கும் மின்பொறியைப் பங்கிட்டுக் கொடுக்கும் கறுப்பு மூடி அது. எனக்கு எட்டு வயது. "ஒண்ணு விடாம பொட்டு வைம்மா" என்று அம்மா சந்தனக் கிண்ணத்தைக் கொடுத்திருந்தார். சொன்னால் சொன்னபடி செய்கிற பெண் நான். மூடியின் உள்ளே, நடுவில் ஒன்றும் சுற்றி நான்குமாக இருந்த ஐந்து முனைகளுக்கும் சந்தனம் தடவி, மேலே குங்குமமும் வைத்தேன். அப்பா உள்ளே பார்க்காமலேயே மாட்டிவிட்டார்.

பூஜை முடிந்து, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழமும் வைத்தாயிற்று. சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றியதே தவிரப் பிடிக்கவில்லை. மறுநாள் விடிகாலை தேக்கா சந்தைக்கு அதில் காய்கறி போயாக வேண்டும். அம்மா ஈசூனில் இருந்த சித்தப்பாவுக்குப் போன் செய்தார். சித்தப்பா மெக்கானிக். ஆனால் ஒரு கல்யாணத்தில் யாரை முதலில் மேடைக்குக் கூப்பிட்டார்கள் என்ற மகத்தான விஷயத்தில் அவரும் அப்பாவும் இரண்டு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை.

வந்தவர் ஒரு பிளக்கைக் கழற்றி எஞ்சின்மேல் படும்படி வைத்து, "சாவியத் திருப்பச் சொல்லு" என்றார் என்னிடம். மூன்றடி தள்ளி லாரிக்குள் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் சொன்னேன். பொறி வரவில்லை.

"ஸ்பார்க் இல்லன்னு சொல்லு லா."

சொன்னேன். அடுத்து, மின்பொறியை உண்டாக்கும் காயிலிலிருந்து மூடிக்கு வரும் வயரை இரும்புக்கு அருகில் பிடித்தார். நீலப் பொறி பளிச்சென்று பாய்ந்தது. "காயில் நல்லா இருக்குன்னு சொல்லு." அதையும் சொன்னேன். பிறகு அவர் கறுப்பு மூடியைத் திறந்தார்.

சித்தப்பா உள்ளே பார்த்தார். பிறகு சந்தனம் படிந்த என் விரல்களைப் பார்த்தார். அப்பாவுக்குத் தெரிந்தால் என் தோலை உரித்துவிடுவார். சித்தப்பாவோ மூடியைத் துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு, "இது இல்ல. காயிலக் கழட்டிப் பாக்கணும்" என்று சத்தமாகச் சொன்னார். போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது.

காயிலைக் கழற்றினார். வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். அப்பா இறங்கி வந்து டார்ச் பிடித்தார்.

"கொஞ்சம் இந்தப் பக்கம் காட்டுங்கண்ணே."

"போன வருஷமே இந்த வயர மாத்தணும்னு நெனச்சேன்டா."

என்னை இருவரும் மறந்தே போனார்கள். அதுவும் நல்லதுக்குத்தான் என்று விரல்களைப் பாவாடையில் துடைத்துக்கொண்டேன். மதியம் எல்லாவற்றையும் மாட்டிச் சாவியைத் திருப்பியதும் லாரி உறுமிக்கொண்டு கிளம்பியது. பழங்கள் நசுங்கின. அம்மா சித்தப்பாவுக்கும் சேர்த்து இலை போட்டார். என்னைக் காப்பாற்றத்தான் அவர் அத்தனை பாடுபட்டார் என்று நம்பி, என் வடையை அவர் இலையில் வைத்தேன்.

மின்பொறியை மறித்த சந்தனத்தைத் துடைத்ததுமே பழுது தீர்ந்துவிட்டது; நன்றாக இருந்த காயிலைக் கழற்ற வேண்டிய வேலையே இல்லை. பதினைந்து வருடம் அந்த லாரியோடு மல்லுக்கட்டிய அப்பாவுக்கு அது தெரியாமலா இருக்கும்? ஆனாலும் ஏன் கழற்றுகிறாய் என்று கேட்காமல் இறங்கி வந்து, இரண்டு மணி நேரம் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். காயில் நன்றாக இருக்கிறது என்ற சேதியை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்ததே நான்தான். எனக்குத்தான் அன்று எதுவும் விளங்கவில்லை.