நான் விளக்கிய விளக்கு

எங்கள் வீட்டில் விளக்காத நாள் கிடையாது. காலையில் எழுந்தால் பல் விளக்குவோம். சாப்பிட்டு முடித்தால் சட்டி விளக்குவோம். வெள்ளிக்கிழமையானால் அம்மா சாமி விளக்கையே புளி போட்டு விளக்குவாள். எரிகிற பொருளுக்கும் அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் வேலைக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எங்கள் தோட்டத்து ஆட்கள் நிம்மதியாக இருந்தார்கள். பரீட்சைத் தாளில் 'விளக்குக' என்று வந்தபோதுதான் அந்தச் சொல்லுக்கு மூன்றாவதாக ஒரு வேலையும் இருப்பது எனக்குத் தெரிந்தது. அந்தக் கேள்விகளில் நான் எப்போதும் குறைந்த புள்ளிதான் எடுத்தேன்.

கஹவத்தையிலிருந்து பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் எங்கள் தோட்டம் வரும். கீழே ரப்பர், மேலே தேயிலை, நடுவில் நாங்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயம். அம்மா ரப்பர் மலையில் பால் வெட்டப் போவாள். அப்பா பல வருடம் தோட்டத்து லொறி ஓட்டியவர். பிறகு எங்கெங்கோ கையேந்திப் பழைய ஜப்பான் வேன் ஒன்றை வாங்கினார். எங்கள் தோட்டத்திலும் அடுத்த இரண்டு தோட்டங்களிலும் யாருக்கு வயிற்று வலி வந்தாலும், பிரசவ வலி வந்தாலும் அந்த வேன்தான் ஓடும். அப்பாவுக்கு அதில் இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

வேனுக்கு ஒரே ஒரு குறைதான் இருந்தது. அதன் ஹெட்லைட்டுகள் கண்ணாடி அல்ல, பிளாஸ்டிக். எத்தனையோ வருட வெயிலில் காய்ந்து இரண்டும் மஞ்சளாகப் போயிருந்தன. விளக்கைப் போட்டால் வெளிச்சம் உள்ளேயே தங்கிவிடும், மிச்சம் மீதிதான் பாதைக்கு வரும். அம்மா அதைக் காமாலைக்காரன் என்றே கூப்பிடுவாள். "காமாலைக்காரனுக்கு எண்ண ஊத்தியாச்சாங்க?" என்று அப்பாவைக் கேட்பாள்.

அந்தக் காமாலையால் ஒரு வசதியும் இருந்தது. அது யுத்த காலம். பெரிய ரோட்டில் ஒரு செக்பொயின்ட் போட்டிருந்தார்கள். இருட்டிய பிறகு அதை நெருங்கும் எந்த வாகனமும் வெளியே ஹெட்லைட்டைக் குறைத்து, உள்ளே சின்ன பல்பைப் போட்டு, ஊர்ந்து போக வேண்டும். ஓட்டுகிறவன் முகம் அவர்களுக்குத் தெரிய வேண்டும், அவர்கள் கண் கூசக் கூடாது. அப்பா உள் பல்பைப் போடுவார், ஹெட்லைட்டைக் குறைக்க மாட்டார். குறைப்பதற்கு அதில் என்ன இருந்தது? அங்கே காவல் நின்றவர்கள் தூரத்திலேயே மஞ்சள் வெளிச்சத்தைப் பார்த்து 'கஹ லயிட்' வருகிறது என்று சிங்களத்தில் சிரித்துக்கொண்டு கையை ஆட்டிவிடுவார்களாம். மஞ்சள் லைட் என்று அப்பாவுக்கே பெயர் விழுந்துவிட்டது. அவரும் அதைச் சந்தோஷமாகச் சொல்லிக்கொள்வார்.

ஒரு மழை நாள் விடிகாலையில் வளைவொன்றில் பால் வாளியோடு நின்ற இரண்டு பெண்களை அப்பா கடைசி நிமிடத்தில்தான் கண்டார். வேன் அவர்களுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. அன்று வீட்டுக்கு வந்து அவர் சாப்பிடவில்லை. துணியை எடுத்துக்கொண்டு போய் லைட்டுகளைத் துடைத்துக்கொண்டே இருந்தார். புது லைட் வாங்கக் கொழும்புக்குப் போக வேண்டும். எங்கள் தமிழ்ப் பெயர்களை வைத்துக்கொண்டு கொழும்புக்குப் போய் வருவது அந்த வருடங்களில் லேசான காரியம் இல்லை.

அப்போதுதான் மாமா வந்து சேர்ந்தார். அம்மாவின் தம்பி. பெல்மதுளையில் மாணிக்கக் கல் பட்டை தீட்டும் கடையில் வேலை. அவரைக் கேட்டால் அந்தக் கடையே அவர் தோளில்தான் நிற்கிறது என்பார். அவர் தீட்டிய கல் ஒன்றையாவது நாங்கள் கண்ணால் கண்டதில்லை. வேனின் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, "மங்குன கல்லுக்கே உசிரு குடுக்கிறோம் மச்சான், இது என்னா பெரிய வேல" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்று வகை வோட்டர் பேப்பரோடு வந்தார். தண்ணீர் விட்டுத் தேய்க்கிற உப்புத்தாள்தான் அது. முதலில் லைட்டைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினோம். பெயின்ட் கெடாமல் சுற்றிலும் டேப் ஒட்டினோம். பிறகு சொரசொரத்த தாளால் தேய்க்கச் சொன்னார். சொன்னார் என்றால் சொன்னதோடு சரி, தேய்த்தது நான். என் கை சிறியது, மூலை முடுக்கெல்லாம் போகும் என்பது அவர் சொன்ன காரணம். பீடி பற்றவைக்கக் கை வேண்டும் என்பது உண்மையான காரணம்.

தேய்க்கத் தேய்க்க மஞ்சள் பாலாக வடிந்தது. கொஞ்ச நேரத்தில் லைட் முழுக்க வெள்ளை பூத்துப் போய், பழைய மஞ்சளே தேவலை என்று ஆகிவிட்டது. அப்பா எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். எனக்கு அழுகை வந்தது. மாமா மட்டும் அசையவில்லை. இன்னும் மெல்லிய தாளைக் கொடுத்தார், அதற்கும் மெல்லியதைக் கொடுத்தார். கடைசியில், "இனிமே பல்லு வெளக்குற பேஸ்ட்ட எடுத்துட்டு வா புள்ள" என்றார்.

வீட்டில் இருந்ததே ஒரு பேஸ்ட்தான். அதை முழுக்கப் பிதுக்கி, பழைய பனியன் துணியில் வைத்து, வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். பல் விளக்குகிற பேஸ்ட்டால் விளக்கையே விளக்குகிறோமே என்று எனக்குள்ளேயே சிரிப்பு. மத்தியானம் திரும்பியபோது துணியை எடுத்தால் உள்ளே இருந்த பல்பு தெரிந்தது. அதன் பின்னாலிருந்த வெள்ளித் தகடு தெரிந்தது. அதில் என் முகமும் கோணலாகத் தெரிந்தது. இதன் மேல் கிளியர் என்கிற நிறமில்லாத பூச்சு ஒன்று அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கொஞ்ச மாதத்தில் மறுபடி மஞ்சளாகிவிடும் என்று மாமா போகிற போக்கில் சொன்னார். அதை யாரும் காதில் வாங்கவில்லை.

பொழுது சாய்ந்ததும் அப்பா விளக்கைப் போட்டார். வெளிச்சம் முற்றத்தைத் தாண்டி, தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையைத் தாண்டி, எதிர் மேட்டில் இருந்த கோயில் சுவரில் போய் விழுந்தது. லயத்து ஆட்கள் வெளியே வந்து பார்த்தார்கள். அப்பா என் தோளில் கையை வைத்து, "எம் மக வெளக்குன வெளக்கு" என்றார். அடுத்த சில நாட்கள் வேனில் ஏறிய ஒருவரையும் விடாமல் இதையே சொன்னார். நாங்கள் கரித்தூளால் பல் விளக்கிக்கொண்டிருந்தோம். எனக்கு அதுவும் இனித்தது.

அந்தப் பெருமை ஒன்பது நாள் இருந்தது. பத்தாவது நாள் லயத்தில் எங்களுக்குப் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்தவரின் மனைவிக்கு வலி எடுத்தது. அவளை ரத்தினபுரி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு அப்பாவும் அவரும் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். மழைக்கு இருட்டிக்கொண்டு வந்த சாயங்காலம். அம்மா சாமிக்கு விளக்கு வைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்துக் காம்பராக்காரர் மட்டும் நனைந்துகொண்டு நடந்து வந்தார்.

"செக்பொயின்ட்டுல லைட்ட கொறைக்காம போயிட்டாரு அக்கா. பழக்கம் இல்ல பாருங்க. வெள்ள வெளிச்சம் அவங்க கண்ணுல அடிச்சிருச்சு. எறங்கச் சொன்னாங்க. என்னைய மட்டும் போகச் சொல்லிட்டாங்க."

அம்மா கையில் இருந்த தீப்பெட்டியைக் கீழே வைக்கவில்லை. எவ்வளவோ நேரம் அதைப் பிடித்தபடியே நின்றாள். என் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான், லைட். அப்பாவைப் பிடித்துக் கொடுத்தது நான் தேய்த்த லைட். அதை யாரும் என்னிடம் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

மாமாவும் அம்மாவும் அப்பாவைத் தேடித் தினமும் செக்பொயின்ட்டுக்குப் போனார்கள். சிங்களம் நன்றாகப் பேசத் தெரிந்த மாமாவுக்கு அங்கே போனால் எந்தப் பாஷையும் வராது போலிருந்தது. அப்பாவை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றார்கள். இரண்டு வாரத்துக்குப் பிறகு வேனை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். மாமா அதை ஓட்டி வந்து முற்றத்தில் நிறுத்தினார். அதன் கண்கள் இரண்டும் பளிச்சென்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. நான் அந்தப் பக்கம் போகாமல் பின்வாசலால் போய் வந்தேன்.

ஒரு மாதம் போயிருக்கும். மாமா வந்து அம்மாவிடம் மெல்லச் சொன்னார்:

"நாளைக்கு ஒரு மாத்தயா வேன பாக்க வர்றாரு அக்கா. வேன் சரியா இருந்தா மச்சான வெளிய எடுத்துறலாம்."

எங்கள் ஊரில் சிங்கள ஆள் யாராக இருந்தாலும் மாத்தயாதான். கடை முதலாளி மாத்தயா, தபால்காரர் மாத்தயா, பொலிஸ்காரரும் மாத்தயா. அப்பா விஷயத்தில் வருகிற மாத்தயா பொலிஸ் மாத்தயாவாகத்தானே இருக்க முடியும்? வேன் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வருகிறார். சரியான வேன் எது என்பது எனக்குத் தெரியும். கஹ லயிட். அந்த மஞ்சள் லைட்டைப் பார்த்தால், அடடா, இது நம்முடைய ஆள் அல்லவா என்று விட்டுவிடுவார்கள். மாமாவுக்கு இந்தச் சின்ன விஷயம் தோன்றாமல் போனதே என்று எனக்கு ஆச்சரியம்.

அம்மா விடியுமுன் பால் வெட்டப் போயிருந்தாள். மிச்சமிருந்த சொரசொரத்த தாளை எடுத்து இரண்டு லைட்டையும் என் பலம் கொண்ட மட்டும் தேய்த்தேன். தண்ணீர்கூட விடவில்லை. கீறல் கீறலாக வெள்ளை பூத்தது. ஆனால் மஞ்சள் வரவில்லை. அடுப்படிக்குப் போய் மஞ்சள் தூள் டப்பாவை எடுத்து வந்து, குழைத்து, கீறல்களுக்குள் இறங்குமாறு அழுத்திப் பூசினேன். அம்மனுக்குப் பூசுவது போலப் பூசினேன். வெயிலில் அது காய்ந்தபோது பழைய காமாலைக்காரனே திரும்பி வந்துவிட்டது போல் இருந்தது. அன்று மத்தியானம் அப்பா வந்துவிடுவார் என்று நினைத்து, அவருடைய சாரத்தைக் கொடியிலிருந்து எடுத்து மடித்து வைத்தேன்.

மாமாவோடு வந்தவர் சீருடையில் இல்லை. பெல்மதுளையில் கடை வைத்திருக்கும் முதலாளி அவர். வேனை வாங்க வந்தவர். அந்தக் காசில்தான் அப்பாவுக்குக் கொழும்பில் வழக்குப் பேச ஒரு லோயர் வைப்பதாக இருந்தார்கள். முதலாளி சிரித்துக்கொண்டே வேனின் முன்பக்கம் போனார். அங்கேயே நின்றார். பிடித்துக்கொண்டு போன ஒரு ஆளின் வேன், அதன் கண்களைச் சுரண்டி, மேலே மஞ்சளை அப்பி வைத்திருக்கிறார்கள். ஒரு விரலால் தொடப் போனவர் கையை இழுத்துக்கொண்டார்.

"ஹூனியம்" என்றார். செய்வினைக்குச் சிங்களத்தில் அதுதான் பெயர். மாமா என்னவெல்லாமோ சொல்லிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். முதலாளி திரும்பிப் பார்க்காமல், "மட்ட எப்பா, மட்ட எப்பா" என்று கையை வீசிக்கொண்டு இறங்கிப் போனார். எனக்கு வேண்டாம் என்றார்.

மலையிலிருந்து வந்த அம்மா வேனைப் பார்த்தாள். என் விரல்களைப் பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஏன்டி இப்படி செஞ்ச?" என்று மட்டும் கேட்டாள். எனக்குள் எல்லாமே இருந்தது, கஹ லயிட், மாத்தயா, சரியான வேன். வாயைத் திறந்தால் எதுவும் வரவில்லை. விளக்குக என்றால் எனக்கு எப்போதுமே வராது.

ஹூனியம் வைத்த வேன் என்ற பேச்சு பெல்மதுளை வரை பரவிவிட்டது. மாமா மறுபடி தேய்த்துப் பார்த்தார். நான் போட்ட கீறல் ஆழமானது, எந்தப் பேஸ்ட்டுக்கும் மசியவில்லை. ஏழு மாதம் வேன் முற்றத்தில் நின்றது. கடைசியில் எஹலியகொடையிலிருந்து பழைய சாமான் வாங்குகிற ஒருவர் வந்து, கழற்றி விற்பதற்காக, பாதி விலைக்கு இழுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகுதான் லோயர். லோயர் வந்த இரண்டாவது மாதம், குற்றம் ஒன்றும் இல்லை என்று சொல்லி அப்பாவை விட்டார்கள்.

பெரியவளான பிறகுதான் மற்றதெல்லாம் தெரிந்தது. பஞ்ச காலத்தில் அப்பாவைப் பெற்றவர்கள் வேலை தேடி வடக்கே, பின்னாளில் யுத்தம் நடந்த வவுனியாப் பக்கம் போயிருக்கிறார்கள். அங்கேதான் அப்பா பிறந்தார், நடக்கத் தொடங்கும் முன்பே தோட்டத்துக்குத் திரும்பிவிட்டார்கள். ஆனால் அவருடைய அடையாள அட்டையில் பிறந்த இடம் வவுனியா என்று இருந்தது. அவரைப் பிடித்து வைத்துக்கொண்டது அந்த ஒரு சொல்லுக்காக, லைட்டுக்காக அல்ல என்று மாமா எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். சரிதான். ஆனால் அந்த அட்டை எத்தனையோ வருடமாக அப்பாவின் சட்டைப் பையில்தான் இருந்தது. மஞ்சள் வெளிச்சம் முன்னால் போன வரைக்கும் யாரும் அதை எடு என்று கேட்டதில்லை. இதை நான் மாமாவிடம் சொன்னதில்லை.

அப்பா வந்த அன்று நல்ல வெயில். என்னைப் பார்த்துச் சிரித்தார். தலையைத் தடவ வலது கையை எடுத்தவர், அது தோளுக்கு மேல் வராமல், இடது கையால் தடவினார். அந்த வலது கை பிறகு ஸ்டியரிங் பிடிக்கவே இல்லை. கடைசி ஏழு மாதத்தில்தான் கை அப்படி ஆனது என்று அவர் வேறு யாரிடமோ சொன்னதைப் பின்னாளில் கேட்டேன். அதை நான் கேட்காமல் இருந்திருக்கலாம்.

தேத்தண்ணி குடித்துவிட்டு வேன் நின்ற இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எண்ணெய்க் கறை மட்டும் அங்கே இருந்தது.

"விக்கிறப்ப லைட்டு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா என்னைப் பார்க்காமல், கோப்பையை எடுத்துக்கொண்டே, "பளபளன்னுதான் இருந்துச்சு. அதப் பாத்துத்தான் வாங்குனாங்க" என்றாள்.

அப்பாவின் முகம் மலர்ந்தது. அந்தப் பழைய முகம் வந்துவிட்டது. "எம் மக வெளக்குன வெளக்கு" என்றார்.

அம்மா சொன்னது பொய் என்று மட்டும் எனக்குத் தெரிந்தது. அப்பாவின் மனம் நோகக் கூடாது என்று சொல்கிறாள் என நினைத்துக்கொண்டு விளையாடப் போய்விட்டேன். அந்தப் பொய்யை அவள் எனக்காகச் சொன்னாள் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.